சாமி என்று நினைத்த கட்டி

அன்றைக்குக் கோயிலில் இருந்தவர்கள் இவர்கள். என் மனைவி. நான். அவளுடைய அண்ணன், எனக்கு மச்சான். கீரமங்கலத்தில் கட்டிக்கொடுத்திருக்கும் எங்கள் மகள், திருவிழாவுக்கு வந்திருந்தாள். பூசாரி, எனக்குப் பங்காளி முறை. மேளக்காரர் இரண்டு பேர். மற்றபடி ஊர் ஜனம்.

சூடம் காட்டினார்கள். எல்லோரும் கையைத் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டோம். என் மனைவியும் தூக்கினாள். நெரிசலில் தூக்கின கையை இறக்க இடமில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் முகம் சிவந்தது. பிறகு கறுத்தது. கழுத்து நரம்பு புடைத்தது. கண் பிதுங்கியது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. டியூபில் காற்று இறங்குகிற மாதிரி மெல்லிசாக, நீளமாக.

"ஆத்தா வந்துட்டா," என்றார்கள் பின்னாலிருந்து.

மேளம் வேகம் பிடித்தது. மச்சான் விபூதியை அள்ளி அவள் நெற்றியில் பூசினார்.

"யாரு வந்துருக்கது? சொல்லு ஆத்தா. என்ன கொற வச்சோம், சொல்லு."

அவள் வாயைத் திறந்தாள். அந்தச் சத்தம்தான் வந்தது. முழங்கால் மடங்கி உட்கார்ந்தாள். கை தானாகக் கீழே வந்தது. முகம் மெல்லத் தெளிந்தது. மஞ்சத் தண்ணீர் தெளித்தார்கள்.

பூசாரி சொன்னார், "வந்துருக்கது ஆத்தாதான். வாயத் தொறக்க மாட்டேங்கிறா. மூணு செவ்வாக்கெழம கூட்டிட்டு வாங்க. பேசிருவா."

வீட்டுக்கு வந்து சேலை மாற்றிக்கொண்டு அவள் என்னிடம் சொன்னாள், "எனக்குச் சாமியெல்லாம் வரலங்க. மூச்சுத்தான் வரல."

நான் "ம்" என்றேன்.

எங்களுக்கு ஆலங்குடி ரோட்டோரத்தில் ஒரு கீற்றுக் கொட்டகை. முந்திரிக்கொட்டை வறுத்து விற்கிறோம். வறுப்பது நான். உடைப்பதும் விற்பதும் அவள். கொட்டையின் ஓட்டுக்குள் எண்ணெய் இருக்கிறது. துளை போட்ட தகரச் சட்டியில் கொட்டையைப் போட்டு வறுத்தால் அந்த எண்ணெய் தீப்பிடிக்கும். கறுப்புப் புகை ஆள் உயரத்துக்கு எழும்பும். எங்கள் ரோட்டில் இருமாத ஆள் கிடையாது. அதனால் அவளுக்கு மூச்சு வாங்கியபோது நாங்கள் யாரும் அதை ஒரு விஷயமாக நினைக்கவில்லை. அவளும் நினைக்கவில்லை. ஆலங்குடியில் வழக்கமாகப் போகும் டாக்டரிடம் உட்காருவதற்கு முன்பே "பொகை டாக்டர்" என்பாள். அவர் இன்ஹேலர் எழுதிக் கொடுப்பார். அடித்துக்கொள்வாள். கேட்டமாதிரியும் இருக்கும், கேட்காதமாதிரியும் இருக்கும். ராத்திரியில் மல்லாந்து படுக்க மாட்டாள். சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தபடி தூங்குவாள். அதுவும் எங்களுக்குப் பழகிப்போயிற்று.

சாமி வந்த சேதி ரோடெல்லாம் பரவியது. பக்கத்துக் கொட்டகைக்காரி வந்தாள்.

"என்னக்கா, ஆத்தா ஒங்கிட்ட வந்தாளாமே. எங்க கடைக்கும் நாலு யாவாரத்த அனுப்பச் சொல்லு."

"ஒங்கடைக்கு ஆள் புடிச்சு விடவா ஆத்தா எங்கிட்ட வந்தா? போடி அங்கிட்டு."

சொல்லிவிட்டு மூச்சு வாங்கினாள். ஆனாலும் சொல்லாமல் விட மாட்டாள். எங்கள் வீட்டில் பேச்சு அவளுடையது. கல்யாணத்துக்குப் போனால் மொய் எழுதுகிற இடத்தில் பேசுவது அவள். மின்சார ஆபீசில் பேசுவது அவள். மகளுக்கு மாப்பிள்ளை பேசி முடித்ததும் அவள்தான். நான் பக்கத்தில் நிற்பேன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே பேச்சு வராது. எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றதும் அதனால்தான் என்று சொல்வார்கள்.

முதல் செவ்வாய்க்கிழமை அவளைத் தலைக்குக் குளிக்க வைத்து ஈரச் சேலையோடு கூட்டிப் போனோம். கையைத் தூக்கச் சொன்னார்கள். தூக்கினாள். முகம் கறுத்தது. சத்தம் வந்தது. பேச்சு வரவில்லை. இரண்டாவது செவ்வாயும் அப்படியே. வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. "அண்ணனுக்கு ஒரு ஆச" என்றாள். மச்சானுக்குப் பிள்ளை கிடையாது. ஆத்தா பேசினால் அதைப் பற்றி ஏதாவது சொல்லுவாள் என்று அவர் எதிர்பார்த்தார்.

மூன்றாவது செவ்வாய் அவள் கை தளர்ந்து இறங்கப் பார்த்தது. மச்சான் ஒரு கையையும் பூசாரி ஒரு கையையும் பிடித்துத் தூக்கி நிறுத்தினார்கள். "இன்னக்கி விடக் கூடாது. இன்னக்கிப் பேசிருவா," என்றார் மச்சான். மகள் அன்றைக்கும் வந்திருந்தாள். அவள்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள்.

"மாமா, கைய விடுங்க. அம்மா நகத்தப் பாருங்க."

நகம் நீலமாக இருந்தது. உதடும்.

"ஆத்தா நெறம் அதுதான்த்தா," என்றார் மச்சான்.

"எங்கம்மா நெறம் அது இல்ல. விடுங்க மாமா."

விட்டார்கள். அவள் விழுந்தாள். மகள் மடியில் சாய்த்து உட்கார வைத்து விசிறினாள். மேளக்காரர்கள் எப்போது நிறுத்தலாம் என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

மறுநாள் காலை மகள் அவளை ஆலங்குடிக்குக் கூட்டிப் போனாள். நானும் போனேன். அவள் வாயெடுப்பதற்குள் மகள் சொல்லிவிட்டாள், "பொகைன்னு சொல்லாதம்மா. டாக்டர், கைய மேல தூக்குனா மொகம் கறுத்துப்போவுது."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எனக்கும் காட்டினார். நெஞ்சுக்கு நடுவில், மேல் பக்கம், ஒரு வெள்ளை. மூச்சுக்குழாய் நேராக இறங்க வேண்டுமாம். இவளுக்கு வளைந்து ஓரமாகப் போயிருந்தது.

"இது பொகை இல்ல. உள்ள ஏதோ இருக்கு. புதுக்கோட்டைக்கு எழுதித் தாரேன். இன்னக்கே போங்க."

புதுக்கோட்டையில் பார்த்தது ஒரு டாக்டரம்மா. கழுத்துக் கட்டிகளுக்கான டாக்டர். அதற்குள் மச்சானும் வந்து சேர்ந்துவிட்டார். டாக்டரம்மா முதலில் கழுத்தைத் தடவிப் பார்த்தார். எச்சில் விழுங்கச் சொன்னார். கழுத்தில் ஒன்றும் இல்லை. பிறகு, "ரெண்டு கையையும் காதோட ஒட்டித் தூக்குங்கம்மா," என்றார்.

மச்சான் எழுந்துவிட்டார். "தூக்கச் சொல்லாதீங்க டாக்டர். சாமி வந்துரும்."

"வரட்டும். நான் பாத்ததில்ல. பாப்போம்."

அவள் தூக்கினாள். அறையில் மேளம் இல்லை, சூடம் இல்லை. மின்விசிறி மட்டும் ஓடியது. முகம் சிவந்தது. கறுத்தது. அந்தச் சத்தம் வந்தது.

"எறக்குங்க. போதும்."

இறக்கினாள். தெளிந்தது. டாக்டரம்மா மச்சானைப் பார்த்துச் சொன்னார், "கையத் தூக்குனா நெஞ்சுக்கூட்டோட மேல் வாசல் சுருங்கும். உள்ள கட்டி இருந்தா மூச்சுக்குழாயையும் ரத்தக் குழாயையும் சேத்து நெரிக்கும். மொகத்து ரத்தம் கீழ எறங்காது. அதான் இது. சாமி இல்லங்க."

மச்சான் உட்கார்ந்தார்.

பெரிய ஸ்கேன் புதுக்கோட்டையிலேயே எடுத்தார்கள். இன்னொன்றுக்குத் திருச்சி போகச் சொன்னார்கள். அதில் ஒரு மருந்தை உடம்புக்குள் ஏற்றி, அது எங்கே போய்ச் சேருகிறது என்று பார்ப்பார்களாம். தைராய்டு எங்கே இருக்கிறதோ அங்கே போய்ச் சேருமாம். படத்தில் தொண்டையில் ஒரு புள்ளி இருந்தது. நெஞ்சில் இன்னொன்று, அதைவிடப் பெரியதாக.

தைராய்டு வீங்கிக் கழலை வந்தால் கழுத்தில் தொங்கும் என்றுதான் எங்களுக்குத் தெரியும். அப்படிப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறோம். இவளுக்குக் கழுத்து சின்னப் பெண் கழுத்து மாதிரி இருந்தது.

டாக்டரம்மா சொன்னார், "தைராய்டு இருக்க வேண்டிய எடத்துல இருக்கு, நல்லாவும் இருக்கு. அதோட சேராத துண்டு ஒண்ணு நெஞ்செலும்புக்குப் பின்னாடி தனியா வளந்துருக்கு. பொறக்கும்போதே அங்க தங்கியிருக்கும். எங்கயோ ஒருத்தருக்குத்தான் இப்படி வரும். மருந்துல கரையாது. எடுக்கணும்."

"எப்படிங்க எடுப்பீங்க?" என்றாள் மகள்.

"கழுத்துல கீறி மேல இழுத்துப் பாப்போம். வந்துருச்சுன்னா நல்லது. வரலைன்னா நெஞ்செலும்ப நடுவுல அறுத்துத் திறக்கணும். அதுக்குத் திருச்சியிலேருந்து நெஞ்சு டாக்டர் வருவாரு. ரெண்டு பேரும் சேந்துதான் செய்வோம்."

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். எலும்பை அறுப்பதைக் கேட்டபோது முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"இன்னொண்ணு," என்றார் டாக்டரம்மா. "குரலுக்குப் போற நரம்பு அந்தக் கட்டியை ஒட்டித்தான் போகுது. நூல் மாதிரி இருக்கும். பாத்துப் பாத்துத்தான் பிரிப்போம். ஆனாலும் பாதிக்கலாம்."

"பாதிச்சா?"

"பேச்சு காத்தா வரும். சிலருக்குக் கொஞ்ச மாசத்துல திரும்பும். சிலருக்குத் திரும்பாது."

அப்போதுதான் அவள் நிமிர்ந்தாள்.

"அப்ப வேணாங்க."

"அம்மா," என்றாள் மகள்.

"நீ சும்மா இரு. டாக்டரம்மா, இந்தா உக்காந்துருக்காரே, இவரு பேச மாட்டாரு. வீட்டுல பேசுறது நான் ஒரு ஆளுதான். நானும் ஊமையாப் போனா அந்த வீட்டுல பல்லிதான் பேசணும்."

மச்சான் வாயைத் திறந்தார். "இத்தன வருசம் பேசுனியே, மிச்சமா இருக்கு?"

"இருக்குண்ணே. ஒங்களப் பத்திப் பேச ஆரம்பிக்கவே இல்ல."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "எடுக்கலைன்னா மூச்சே நிக்கும்மா. ஒருநாள் படுத்தா எந்திரிக்க மாட்டீங்க," என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் சொல்ல வேண்டிய இடம் அது என்று எனக்குத் தெரிந்தது. "செஞ்சுக்க," என்றேன். அவள் சரி என்றாள்.

காப்பீட்டு அட்டைக்கு அனுமதி வர நாளாகும் என்றார்கள். அதுவரை கொட்டகையில் வறுப்பதை நிறுத்திவிட்டேன். வறுத்து வைத்திருந்த பருப்பை மட்டும் விற்றோம். அவள் என்னை விற்பனைக்கு உட்கார வைத்தாள். அவள் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள்.

"வெல சொல்லிப் பழகுங்க."

ஒரு கார் நின்றது. ஓட்டி வந்தவர் கண்ணாடியை இறக்கி, "அண்ணே, முழுப் பருப்பு கிலோ என்ன வெல?" என்றார். நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன்.

"என்னைய எதுக்குப் பாக்குறீங்க? மூஞ்சிலயா எழுதிருக்கு? சொல்லுங்க."

சொன்னேன். "கொறச்சுக்கங்கண்ணே," என்றார் அவர். குறைத்துவிட்டேன். கார் போன பிறகு அவள் சொன்னாள், "கேட்ட ஒடனே கொறச்சா, கொட்டகையையும் சேத்துக் கார்ல ஏத்தி விட வேண்டியதுதான?"

அந்த நாட்களில் அவள் நிறையப் பேசினாள். போனில் சொந்தக்காரர் ஒருவரையும் விடாமல் பேசினாள். சண்டைபோட்டுப் பேசாமல் இருந்தவர்களிடமும் பேசினாள். பேச்சுக்கு நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கி மறுபடி தொடங்குவாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். எதைக் கேட்டேன் என்று இப்போது ஞாபகம் இல்லை.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் காலை பூசாரி விபூதி கொண்டு வந்தார். "பாத்தியா, ஆத்தாதான் கையத் தூக்க வச்சு நோயக் காட்டிக் குடுத்துருக்கா," என்றார்.

அவள் விபூதியை வாங்கிப் பூசிக்கொண்டாள். "மூணு தடவ காட்டுனதுக்கு ஒரு தடவ எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிருக்கலாம் பூசாரி," என்றாள்.

மறுநாள் காலையில் அவளை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோனார்கள். மயக்கம் கொடுக்கிற டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். மூச்சுக்குழாய் நசுங்கி இருப்பதால், தூங்க வைத்துவிட்டுக் குழாய் போட முடியாது, முழித்திருக்கும்போதே போட வேண்டும் என்று. அவள் எப்படித் தாங்கினாள் என்று நான் பிறகும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

வெளியே இரும்பு நாற்காலிகள். மகள் சாமி படம் ஒன்றைக் கையில் வைத்திருந்தாள். மச்சான் நடந்துகொண்டிருந்தார். எனக்கு எதிரே சுவரில் தீயணைக்கிற சிவப்பு உருளை மாட்டியிருந்தது. அதில் எழுதியிருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்தேன். டீ வாங்கித் தந்தார்கள். ஆறிய பிறகு குடித்தேன். பயமாக இருந்ததா என்று மகள் பின்னாளில் கேட்டாள். தெரியவில்லை. கை மரத்துப்போனால் அது கை என்று தெரியும், ஆனால் நம்முடையது மாதிரி இருக்காது. அப்படி இருந்தது.

நடுவில் டாக்டரம்மா முகமூடியோடு வந்தார். "கழுத்து வழியா வரல. அதுக்கு ரத்தம் நெஞ்சுக்குள்ளேருந்து போகுது. இழுத்தா ஆபத்து. எலும்பத் திறக்குறோம்."

"சரிங்க," என்றேன்.

வெயில் இறங்கிய பிறகு மறுபடி கூப்பிட்டார்கள். பச்சைத் துணி விரித்த தட்டில் அதை வைத்துக் காட்டினார்கள். ஈரல் நிறம். முண்டு முண்டாக இருந்தது. பெரிய தென்னங்குரும்பை அளவு. மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மச்சானுக்குக் கை பழக்கத்தில் கூப்பப் போயிற்று. பாதியில் இறக்கிக்கொண்டார்.

"இதுக்கா மூணு செவ்வா தேங்கா ஒடச்சோம்?" என்றார்.

"என்ன சொல்றாரு?" என்றார் டாக்டரம்மா.

"ஒண்ணுமில்லங்க," என்றேன்.

அதைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர நாளாயிற்று. புற்று இல்லை என்று வந்தது. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு எங்களுக்கு அது தெரியாது.

"நரம்பு?" என்று மகள் கேட்டாள்.

"கண்ணுக்கு நல்லாத்தான் தெரியுது. ஆனா குழாயை எடுத்து அவங்க பேசுனாத்தான் நிச்சயம்."

மறுநாள் காலை குழாயை எடுத்தார்கள். நாங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் நின்றோம். நர்ஸ் ஒரு பெண் வெளியே வந்தாள்.

"வீட்டுக்காரர் யாரு? அவங்க கண்ணு முழிச்சுட்டாங்க. ஆனா பேச மாட்டேங்கிறாங்க. கேட்டா தலைய மட்டும் ஆட்டுறாங்க. டாக்டருக்குச் சொல்லிருக்கேன்."

மச்சான் சுவரைப் பிடித்துக்கொண்டார். மகள் அழ ஆரம்பித்தாள். டாக்டரம்மா வேகமாக வந்து எங்களைப் பார்க்காமல் உள்ளே போனார். கொஞ்சம் கழித்து என்னை மட்டும் கூப்பிட்டார்கள். ஒரு பச்சை அங்கி மாட்டிவிட்டார்கள்.

கழுத்திலிருந்து நெஞ்சு முடிய வெள்ளைக் கட்டு. இரண்டு பக்கமும் குழாய்கள். அவள் மல்லாந்து படுத்திருந்தாள். அவளை அப்படிப் பார்த்து நெடுநாள் ஆகிவிட்டது. கண் திறந்திருந்தது.

டாக்டரம்மா குனிந்து கேட்டார், "அம்மா, வந்துருக்கது யாருன்னு தெரியுதா? இவரு பேரு என்ன? சொல்லுங்க."

அவள் என்னைப் பார்த்தாள். இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"முயற்சி பண்ணுங்க. பேரு மட்டும்."

மறுபடி ஆட்டினாள். டாக்டரம்மா நர்சிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். ஒரு கருவியின் பெயர் மாதிரி இருந்தது.

நான் நர்சைக் கேட்டேன், "மொதல்லயும் இதத்தான் கேட்டீங்களா?"

"ஆமாங்க. நெனவு இருக்கான்னு பாக்க, வீட்டுக்காரர் பேரத்தான் கேப்போம்."

எங்கள் பக்கம் அவள் வயதுப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். அவள் ரேஷன் கடையில்கூடச் சொன்னதில்லை. பக்கத்தில் நிற்பவர்களைச் சொல்லச் சொல்வாள். யாரும் இல்லையென்றால் அட்டையைக் காட்டுவாள். நெஞ்சை அறுத்துத் தைத்துப் போட்டிருக்கும்போதும் சொல்ல மாட்டாள்.

"டாக்டரம்மா, அவ எம்பேரச் சொல்ல மாட்டா. வேற எதாவது கேளுங்க," என்றேன்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சரிம்மா. பேரு வேணாம். ஒண்ணுலேருந்து எண்ணுங்க. மெதுவா."

அவள் உதட்டை நனைத்துக்கொண்டாள். "ஒண்ணு." காற்றுதான் வந்தது. "ரெண்டு." அதுவும் காற்று. டாக்டரம்மா அசையவில்லை. "மூணு." கரகரவென்று ஏதோ ஒட்டியது. "நாலு" என்பதில் குரல் இருந்தது. தடித்து, கட்டிப்போய், ஆனால் அவளுடையது. "அஞ்சு. ஆறு."

பத்து வந்ததும் டாக்டரம்மா என் தோளைத் தொட்டுவிட்டு எழுந்தார். "போதும்மா. நல்லா வருது. ரெஸ்ட் எடுங்க."

அவள் நிறுத்தவில்லை. நடுநடுவே மூச்சு இழுத்துக்கொண்டாள். வலிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டாள். மறுபடி எண்ணினாள். நர்ஸ் "போதும் பாட்டி" என்றாள். அதையும் கேட்கவில்லை. நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு நின்றேன். தூக்கம் வந்து அவளாக நிறுத்தினாள்.

நாற்பத்து மூன்று.